பிள்ளை வீட்டில, அம்மா மலையில: உங்கட கேள்வி, அக்காட பதில்

கேள்வி: அக்கா, எனக்கு மகன் பிறந்து ஏழரை மாதம். ஒஃபிஸில எல்லாரும் சேர்ந்து வாற மாசம் சிவனொளிபாதமலைக்குப் போகினம், வெள்ளி மத்தியானம் 3 மணிக்கு வானில வெளிக்கிட்டு சனி பின்னேரம் 6 மணிக்கு திரும்பி வாறது, அப்ப ஒரு 27 மணித்தியாலம். கலியாணத்துக்கு முதல் நான் வருசா வருசம் ஏறின மலை, போகோணும் எண்டு சரியான ஆசை. அம்மா, நான் பிள்ளையைப் பாக்கிறன் நீ போ எண்டுறா. மாமி தான், பால் குடுக்கிற பொம்பிளை குளிருக்க போனா பால் குளிர்ந்து பிள்ளைக்கு சளி பிடிக்கும், கட்டி நிண்ட பால் கெட்ட பால் எண்டு சொல்லுறா. என்னட்ட இருக்கிறது கரண்டில ஓடுற பம்ப். மலையில அதை எங்க குத்துறது, எடுத்த பாலை எங்க வைக்கிறது, ஆம்பிளையளும் வருகினம் எங்க இருந்து எடுக்கிறது, ஒண்டும் விளங்கேல்ல. பேசாம நிண்டிடவா?
(ஒரு வாசகி, வெள்ளவத்தை)

பதில்: நிக்க வேண்டாம் தங்கச்சி, போட்டு வாங்கோ. மாமி பேரப்பிள்ளையில இருக்கிற பாசத்தில தான் சொல்லுறா, அவவோட சண்டை பிடிக்காதேங்கோ, ஆனா விசயம் அப்பிடி இல்ல. உங்கட உடம்புக்குள்ள இருக்கிற பால் உங்கட உடம்புச் சூட்டில தான் இருக்கும், மலை உச்சியில எவ்வளவு குளிர் அடிச்சாலும் அது குளிராது. உள்ள நிண்ட பால் கெடுறதும் இல்ல. சளி வாறது கிருமியால, பாலால இல்ல. மலை ஏறிக் களைச்ச அம்மாட பாலைக் குடிச்சாலும் பிள்ளைக்கு ஒண்டும் வராது. பால் எடுக்காம விட்டா துன்பப்படப்போறது நீங்கள் தான், அதைத் தான் நான் நீட்டிச் சொல்லப்போறன்.

எனக்கு இது பட்டுத் தெரிஞ்ச விசயம். மகளுக்கு 9 மாதம், நானும் இதே மலைக்கு இதே மாதிரி ஒரு சனம் சேர்ந்து போனனான், ஒரு இரவு தானே என்ன ஆகப்போகுது எண்டு பம்ப் கிம்ப் ஒண்டும் கொண்டு போகேல்ல. பின்னேரம் 4 மணிக்கு பிள்ளைக்குக் குடுத்தது தான் கடைசி. சீத்த கங்குல எண்ட ஓடையைத் தாண்டி ஏறேக்க இரா 2 மணி, சட்டையின்ர முன்பக்கம் நனைஞ்சு குளிர் காத்துக்கு ஐஸ் மாதிரி ஒட்டுது, ரெண்டு பக்கமும் கல்லு, பாக் வார் உரசினாலே உயிர் போகுது. பாதையோர தேத்தண்ணிக் கடையில இருந்த ஒரு தோட்டத்து அம்மா நான் சால்வையை இறுக்கிப் பிடிச்சிருந்த விதத்தைப் பாத்திட்டு, "பால் கட்டிக்கிச்சாம்மா?" எண்டு மெல்லக் கேட்டவ. கடைக்குப் பின்னால தகர மறைப்புக்க ஒரு சாக்கை விரிச்சு, சில்வர் டம்ளரில சுடுதண்ணி ஊத்தித் தந்து, முதல்ல கைய சூடாக்கு எண்டு சொன்னவ. டம்ளரை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டு இருந்து, பிறகு கையால எடுத்தனான். முதல் ரெண்டு மூண்டு நிமிசம் சொட்டுச் சொட்டா தான் வந்தது, நான் அழுதே போனன், பிறகு திடீரெண்டு பீச்சிக்கொண்டு வந்தது பாருங்கோ, அந்த சுகத்தை இப்பவும் மறக்கேல்ல. அந்த அம்மா வெளியில நிண்டு, வாற ஆக்களை அந்தப் பக்கம் போகச் சொல்லிக்கொண்டு இருந்தவ. அதால தான் உங்கட கடிதத்தைப் பாத்தவுடன இந்த முறை மற்ற எல்லாத்தையும் தள்ளி வச்சிட்டு இதுக்கு முதல் எழுதுறன்.

எல்லாரும் கேக்கிறது எடுத்த பாலை எப்பிடி வீட்டுக்குக் கொண்டு வாறது எண்டு. அது ரெண்டாவது. முதலாவது, மார்பை இறுக விடாமப் பாக்கிறது. பால் வெளியில போகப் போகத் தான் புதுசா ஊறும், நிறைஞ்சு போய் நிண்டா இனிக் காணும் எண்டு உடம்பு குறைச்சிடும், அதோட பால் வாற குழாய் வீங்கி அடைச்சு காய்ச்சல் வரைக்கும் போகும். அதால கொண்டு வர வசதி இல்லாட்டி எடுத்து ஊத்திப்போட்டு வாங்கோ, அதில குற்ற உணர்ச்சி வேண்டாம். எங்கட ஆக்கள் தாய்ப்பாலை மிதிபடுற இடத்தில ஊத்தக்கூடாது எண்டு சொல்லுவினம் தானே, அப்பிடி மனம் கேக்காட்டி ஒரு மரத்தடியில ஊத்துங்கோ.

எப்ப எடுக்கிறது எண்டதுக்கு மணிக்கூடு உங்கட மகன் தான். அவன் குடிக்கிற நேரத்தை ரெண்டு நாளைக்கு எழுதிப் பாருங்கோ, பகலில 3, 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்டால் அதே மாதிரி, இரவில அவன் 5 மணித்தியாலம் நித்திரை எண்டால் நீங்களும் அவ்வளவு நேரம் விடலாம், அதுக்கு மேல வேண்டாம். உங்கட பயணத்தில வச்சுச் சொல்லுறன்: வீட்டில இருந்து வெளிக்கிட முதல் மகனுக்கு நல்லாக் குடுங்கோ, 6 மணி போல வான் கித்துல்கல, கினிகத்தேனைப் பக்கம் தேத்தண்ணிக்கு நிப்பாட்டும் அங்க ஒருக்கா, நல்லதண்ணியில றூமுக்குப் போனவுடன ஒருக்கா, 1 மணி, 1.30க்கு ஏறத் தொடங்க முதல் கட்டாயம் ஒருக்கா. ஏற 3, 4 மணித்தியாலம் எடுக்கும், போயா நாள், சனி ஞாயிறு எண்டா சனத்துக்க மாட்டுப்பட்டு அதை விடக் கனக்க. ஹற்றன் பக்கத்தால 5,500 படி எண்டு சொல்லுறது, கடைசிப் பகுதி செங்குத்து, சனம் ஒருத்தரோட ஒருத்தர் முட்டிக்கொண்டு நிக்கும், 2,243 மீற்றர் உச்சியில காத்து வேற. அங்க போய் எடுப்பம் எண்டு நினைக்காதேங்கோ. அந்தச் செங்குத்துக்கு முதல் இருக்கிற ஒரு கடையில, இல்லாட்டி ஆக்கள் இளைப்பாற நிக்கிற அம்பலத்தில, கொஞ்சமாவது எடுத்து இளக்கிப்போட்டு ஏறுங்கோ. டிசம்பர் போயாவில இருந்து வெசாக் வரைக்கும் சீசன், அந்த நாளில கடையும் லைற்றும் வழி நெடுக இருக்கும். சீசன் இல்லாத மாசத்தில போறது எண்டா இந்த வசதி இல்ல, அதை நல்லா யோசியுங்கோ. இறங்கி வந்து றூமில திரும்ப ஒருக்கா, வாற வழியில ஒருக்கா. கூட வாற ஒரு பிள்ளையிட்ட முதலே சொல்லி வையுங்கோ, எனக்கு இந்த இந்த நேரம் 20 நிமிசம் வேணும், நீ சால்வையைப் பிடிச்சுக்கொண்டு நில் எண்டு. ஆம்பிளையளுக்கும் விசயம் தெரிஞ்சா வானை நிப்பாட்டுவினம், அவையள் வீட்டிலயும் அக்கா தங்கச்சி இருக்கினம் தானே.

கரண்ட் பம்பை மலைக்குக் கொண்டு போகாதேங்கோ, றூமில வச்சு மட்டும் பாவியுங்கோ. பவர் பாங்கில ஓடுற சாதி எண்டாலும் குளிருக்கு பற்றரி கெதியா இறங்கும். பாமசியில கையால அமத்துற பம்ப் இருக்கு, சத்தம் இல்ல, பாக்கில ஒரு மூலைக்க கிடக்கும். அதை விட நல்லது கையால எடுக்கப் பழகுறது, இதுக்கு கழுவ வேண்டியது உங்கட கை மட்டும் தான். இண்டைக்கே குளிக்கேக்க செய்து பாருங்கோ: பெருவிரல் மேல, சுட்டுவிரல் கீழ, முலைக்காம்பில இருந்து 2, 3 சென்ரிமீற்றர் பின்னுக்கு, பிறை மாதிரிப் பிடியுங்கோ, முதல்ல நெஞ்செலும்புப் பக்கம் பின்னுக்கு அமத்தி, பிறகு ரெண்டு விரலையும் மெல்லச் சேத்து, விடுங்கோ. அமத்து, சேர், விடு, அவ்வளவு தான். தோலில விரலை இழுத்து உருவாதேங்கோ, காம்பை நசுக்காதேங்கோ. பால் குறைய விரலைக் கொஞ்சம் சுத்தி வச்சுக்கொண்டு அதையே செய்யுங்கோ, பக்கம் மாத்தி மாத்தி. ஒரு கிழமை பழகினா ஏதும் இல்லாத இடத்திலயும் பயம் இல்ல.

குளிரிலயும் பதட்டத்திலயும் பால் இறங்கத் தயங்கும், இருக்குது ஆனா வராது. சூடான பிளேன் ரீயைக் கையில பிடிச்சு ரெண்டு வாய் குடிச்சு, போனில மகன் சிரிக்கிற வீடியோ ஒண்டைப் போட்டுப் பாருங்கோ, சத்தத்தோட. உண்மையா வேலை செய்யும். இன்னொண்டு, மலைக்குப் போற பாக்கில நெஞ்சுக்குக் குறுக்க ஒரு பட்டி இருக்கும், அதைப் பூட்டவே வேண்டாம், தோள் வாரையும் ஓரமாத் தள்ளிப் போடுங்கோ, இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிராவும் வேண்டாம், ஒரே இடத்தில அமந்துகொண்டு இருந்தா அங்க தான் கட்டி வரும். முன்னுக்கு பட்டன் வச்ச சட்டை, பருத்திச் சால்வை, மாத்த ரெண்டு பிரா, காணும்.

இனிப் பால். கொழும்புச் சூட்டில எடுத்த பாலை 4 மணித்தியாலத்துக்கு மேல வெளியில வைக்காதேங்கோ. பிரிட்ஜில 4 நாள். நல்லா உறைஞ்ச ஐஸ் பாக் போட்ட பெட்டியில 24 மணித்தியாலம். சின்ன றெஜிபோம் பெட்டி ஒண்டு எடுத்து, ஐஸ் பாக்கை ரெண்டு நாள் முதலே பிரீசரில போட்டு கல்லு மாதிரி ஆக்கி, அதுக்கு நடுவில போத்தலை வையுங்கோ, ஒவ்வொரு போத்தலிலயும் எடுத்த நேரத்தை எழுதுங்கோ, சும்மா சும்மா திறந்து பாக்காதேங்கோ. றூமில பிரிட்ஜ் இருந்தா நீங்கள் ஏறி இறங்குற நேரம் பாலை அதுக்க வச்சு, ஐஸ் பாக்கையும் பிரீசரில போடச் சொல்லிக் கேளுங்கோ. கித்துல்கலயில 6 மணிக்கு எடுத்தது அடுத்த நாள் 6 மணியோட சரி, அவிசாவளையில ட்ரஃபிக்கில நிண்டு ஐஸும் தண்ணியாப் போச்சுது எண்டா அதை மனசு பாக்காம ஊத்துங்கோ. பாதி மலையில எடுக்கிறதையும் ஊத்துங்கோ, அதைக் காவிக்கொண்டு திரிய வேண்டாம். சீத்த கங்குலவில தண்ணி பளிங்கு மாதிரித் தான் இருக்கும், ஆனா மேல எத்தினை பேர் குளிக்கினம், அதில பம்ப் சாமானைக் கழுவாதேங்கோ. றூமில சவுக்காரம் போட்டுக் கழுவி 5 நிமிசம் கொதிக்க வையுங்கோ.

வீட்டுக்கு, போக 3 கிழமை இருக்கேக்கயே சேர்க்கத் தொடங்குங்கோ, விடிய முதல் பால் குடுத்தாப் பிறகு ஒருக்கா எடுத்தா கிடைக்கும். முதல் ஆறு மாசத்தில பிள்ளை ஒரு நாளைக்குக் குடிக்கிறது சராசரி 750 மில்லி, உங்கட மகன் சாப்பாடும் சாப்பிடுறதால 600, 700 இருந்தா அம்மா பயப்படாம இருப்பா. 60, 90 மில்லியாப் பிரிச்சு உறைய வையுங்கோ, உருகினதைத் திரும்ப உறைய வைக்கேலாது.

கடைசியா ஒண்டு, இது முக்கியம். ரெண்டு நாள் தானே, பால் கட்டாம மல்லிகைப்பூ வச்சுக் கட்டிக்கொண்டு போ எண்டு ஆராவது சொன்னா கேக்காதேங்கோ, அது பால் மறக்கச் செய்யுற வேலை, உங்களுக்குப் பால் வேணும். கட்டி தட்டுப்பட்டா போட்டு அழுத்தி உருவவும் வேண்டாம், துணியில சுத்தின ஐஸை வச்சு, வழமையான நேரத்துக்கு எடுத்து, பனடோல் போடுங்கோ. மலையில நடுங்கினா அது குளிர். கொழும்புக்கு வந்தாப் பிறகும் நடுங்குது, மார்பில ஒரு பக்கம் சிவந்து சுடுது, உடம்பு முறிக்குது எண்டால் அது குளிர் இல்ல, பால் கட்டி வாற காய்ச்சல். அப்பவும் பிள்ளைக்குக் குடுக்கிறதை நிப்பாட்டாதேங்கோ, அந்தப் பால் பிள்ளைக்குப் பழுதில்ல, 24 மணித்தியாலத்தில இறங்காட்டி டொக்டரிட்ட போங்கோ, கூடிக்கொண்டு போனா அவ்வளவு நேரமும் பாக்காதேங்கோ.

கேள்வி: மேடம், எங்களுக்கு 4 மாசத்தில பொம்பள புள்ள. அவரோட ஃப்ரெண்ட்ஸ் குடும்பமா ஹோர்ட்டன் சமவெளியில ரெண்டு ராத்திரி டென்ட் அடிச்சு தங்கப் போறாங்க, நீயும் வா, புள்ளைய அத்தைக்கிட்ட விட்டுட்டு பால் எடுத்து வச்சிட்டு வான்னு சொல்றார். எனக்கு மனசு ரெண்டா இருக்கு.
(வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: உங்கட மனசு சொல்லுறது சரி எண்டு தான் நினைக்கிறன் தங்கச்சி. மேல இருக்கிறவவுக்கு போ எண்டு சொன்ன நானே உங்களுக்கு இந்த முறை வேண்டாம் எண்டு சொல்லுறன், ஏனெண்டா 4 மாசப் பிள்ளைக்கு பாலைத் தவிர வேற சாப்பாடு இல்ல, நாளைக்கு 8, 10 தரம் குடிக்கும், ரெண்டு இரவுக்கும் மூண்டு பகலுக்கும் சேர்க்கிறது எண்டால் ரெண்டு லீற்றர் போல வேணும், அதைச் சேர்க்க நீங்கள் படுற பாடு ஒரு பக்கம், டென்ட்டுக்க இரா 2 மணிக்கு விறைச்ச கையோட எழும்பி எடுக்கிறது மற்றப் பக்கம். அங்க 2,100 மீற்றர் உயரம், ஜனவரி பெப்ரவரியில புல்லில பனி உறையிற இடம்.

ஆனா வீட்டில இருங்கோ எண்டும் சொல்லேல்ல. பிள்ளையையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போய் நுவரெலியாவிலயோ பட்டிப்பொலவிலயோ ஒரு றூம் எடுங்கோ. விடியக் காலமை பிள்ளைக்குக் குடுத்திட்டு வெளிக்கிட்டு, உலக முடிவு எண்ட செங்குத்து மலை விளிம்பைப் பாத்து அந்த ஒன்பதரை கிலோமீற்றரையும் சுத்தி வர 3, 4 மணித்தியாலம், பாதையில நடுவில ஒருக்கா கையால எடுத்தா காணும், மத்தியானத்துக்கு முதல் பிள்ளையிட்ட வந்திடலாம். அவர் ஃப்ரெண்ட்ஸோட டென்ட்டில படுக்கட்டும், பரவாயில்ல. வாசலில பொலித்தீன் செக் பண்ணிக் கழட்டி எடுப்பினம், அதால பால் பாக் கொண்டு போகாம மூடியுள்ள கெட்டியான போத்தல் கொண்டு போங்கோ. பிள்ளைக்கு ஒரு வயசு தாண்டி டென்ட்டில தங்கப் போறது எண்டா அப்ப எழுதுங்கோ, ஒண்டு மட்டும் இப்பவே சொல்லுறன், அவ்வளவு உயரத்தில தண்ணி குறைஞ்ச சூட்டிலயே கொதிச்சிடும், குடிக்கிற தண்ணியை கொதி வந்தாப் பிறகு 3 நிமிசம் விடோணும். நனைஞ்ச பாட், பால் பட்ட துணி ஒண்டையும் டென்ட்டுக்கு வெளியில போடாதேங்கோ, மிருகங்கள் வாசத்துக்கு வரும்.

கேள்வி: நான் வேலைக்கு போறதால பால் எடுத்து ஃப்ரீஸர்ல வெக்கிற. உருகின பொறகு மேல ஏடு மாதிரி பிரிஞ்சு நிக்குது, சவுக்கார வாசமும் அடிக்குது. உம்மா ஊத்திடச் செல்றாங்க. கெட்டுப் போனதா?
(வாசகி, தெஹிவளை)

பதில்: ஊத்தாதேங்கோ! மேல நிக்கிறது கொழுப்பு, மெல்லச் சுழட்டி விட்டா சேர்ந்திடும். சவுக்கார வாசம் வாறது பாலிலேயே இருக்கிற லைபேஸ் எண்ட நொதியம் கொழுப்பை உடைக்கிறதால, சில அம்மாமாரின்ர பாலில இது கூட வேலை செய்யும், பிள்ளைக்கு ஒரு கெடுதியும் இல்ல. பிள்ளை முகத்தைச் சுழிச்சுக் குடிக்க மறுத்தா மட்டும், இனி எடுக்கிற பாலை உறைய வைக்க முதல் சின்னச் சட்டியில வச்சு ஓரத்தில சின்னக் குமிழி வரேக்க இறக்கி, கொதிக்க விடாம, உடன ஆற வச்சு உறைய வையுங்கோ. கெட்ட பால் புளிச்ச வாசம் அடிக்கும், ஒரு சொட்டு நாக்கில வச்சா உங்களுக்கே தெரியும், அதை மட்டும் ஊத்துங்கோ. வெளியூர் போக எண்டு பால் சேர்க்கிறவை எல்லாரும், முதல் கிழமையே ஒரு பாக்கை உருக்கிப் பிள்ளைக்குக் குடுத்துப் பாருங்கோ, 20 பாக் சேர்த்தாப் பிறகு பிள்ளை வேண்டாம் எண்டா எவ்வளவு கவலை.

கேள்வி: மனைவி அவவின்ர ஸ்கூல் கூட்டாளிகளோட மீமுரே எண்ட மலைக் கிராமத்துக்கு ஒரு இரவு போறா. 10 மாச மகளோட நான் தான் நிக்கப்போறன். போத்தல் பழக்கம் இல்லை. நான் என்ன செய்யோணும்?
(வாசகர், வத்தளை)

பதில்: இப்பிடி ஒரு கேள்வி ஒரு அப்பாட்ட இருந்து வந்தது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ தம்பி. போத்தல் பழக்கம் இல்லாதது நல்லதுக்கு, இனிப் பழக்கவும் வேண்டாம், சின்னக் கோப்பையால குடுங்கோ. மகளை நிமித்தி மடியில வச்சு, கோப்பை விளிம்பை கீழுதட்டில முட்ட வச்சு, பாலை அவட நாக்கில பட மட்டும் சரியுங்கோ, வாய்க்க ஊத்தாதேங்கோ, அவவே உறிஞ்சட்டும். மனைவி போக ஒரு கிழமை முதல் நாளைக்கு ஒருக்கா நீங்கள் குடுத்துப் பழக்குங்கோ, அவ அந்த நேரம் வேற அறைக்க இருக்கோணும், அம்மாட வாசம் பட்டா பிள்ளை கோப்பையைத் தட்டி விடும். உருகின பாலை மைக்ரோவேவில வைக்காதேங்கோ, சுடுதண்ணிப் பாத்திரத்துக்க வச்சு இளஞ்சூடாக்கினா காணும், அவ குடிச்சு மிஞ்சினதை ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வைக்காதேங்கோ. இரவில அழுதா உடன மனைவிக்கு கோல் எடுத்து அழுகையைக் கேக்க விடாதேங்கோ, அந்தப் பக்கம் சிக்னலும் ஒழுங்கா இருக்காது, அவ பாதிக் கோலோட இரா முழுக்கத் தவிச்சுக்கொண்டு இருப்பா. போக முதலே மகள் சிரிக்கிற வீடியோ ரெண்டு மூண்டை அவட போனில போட்டு விடுங்கோ, பால் எடுக்கேக்க அது தான் அவவுக்கு மருந்து.

திரும்பி வாற அண்டைக்கு கண்டி தாண்டினவுடன கோல் எடுக்கச் சொல்லுங்கோ. அவ வீட்டுக்கு வர கடைசி ஒண்டரை, ரெண்டு மணித்தியாலம் மகளுக்கு வயிறு முட்டக் குடுத்திடாதேங்கோ, பசிச்சா ரெண்டு வாய் பழம் போதும். அவ வாசலில செருப்பைக் கழட்டேக்கயே மார்பு நிறைஞ்சு வலிச்சுக்கொண்டு நிக்கும், கை கால் கழுவித் துடைக்கிற வரைக்கும் மட்டும் பிள்ளையைப் பிடிச்சு வச்சிட்டு, குடுத்திடுங்கோ.